அடக்கத்துக்கு வாசித்த காதல் பாட்டு

எங்கள் கல்யாண வரவேற்புக்கு வந்திருந்தவர்கள்: அப்பா, அம்மா, அம்மா வழிச் சொந்தம் ஒரு வேன் நிறைய, அதே வேன் திரும்பப் போய் அள்ளிக்கொண்டு வந்த அப்பா வழிச் சொந்தம், போதகர், கோயம்புத்தூரிலிருந்து தனிப் பேருந்தில் வந்த பெண் வீட்டார், பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் சிலர். வராதவர்கள்: துபாயில் லீவு கிடைக்காத சித்தப்பா, முந்தைய கல்யாணத்தில் இலையில் இறைச்சித்துண்டு சின்னதாக விழுந்தது என்று கோபித்துக்கொண்ட பெரியப்பா. வரவே கூடாது என்று ஊர் மொத்தமும் நினைத்த ஒருவர் மட்டும் யாரும் எதிர்பாராமல் வந்திருந்தார்.

அவருக்குப் பெயர் கிளார்நெட்டு. சொந்தப் பெயர் ஒன்று ஞானஸ்நானப் பதிவில் இருக்கலாம், ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. குழித்துறையைச் சுற்றியுள்ள ஊர்களில் அவரைப்போல் நோயாளிகளைக் குணப்படுத்திய ஆள் வேறு கிடையாது. இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன். மருந்து கொடுக்கமாட்டார். நாடி பார்க்கமாட்டார். கட்டிலின் கால்மாட்டில் போய் உட்காருவார், அவ்வளவுதான். படுத்திருந்தவர் எழுந்துவிடுவார்.

காரணம் அவருடைய தொழில். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அடக்கத்துக்குப் பெட்டி புறப்படும்போது முன்னால் பேண்டு செட் போகும். டிரம்பட், சின்ன டிரம், பெரிய டிரம், எல்லாவற்றுக்கும் முன்னால் கிளார்நெட்டு. வெள்ளைக் கோட்டு, இடது தோளில் தங்க நிறக் குஞ்சம். வலது தோள் குஞ்சத்தை எருமை தின்றுவிட்டது.

"எருமைக்கு எதுக்கு ஓய் குஞ்சம்?" என்று யாராவது கேட்டால், "அதுக்க கல்யாணத்துக்கு" என்பார்.

தேங்காய் வியாபாரி தங்கையன் ஒருமுறை மூச்சு வாங்கிப் படுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து போனார்கள். கிளார்நெட்டு வாத்தியப் பெட்டியோடு வந்தார். மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு தங்கையனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"எதுக்கு ஓய் பெட்டியத் தூக்கிட்டு வந்தீரு?" என்றார் தங்கையன்.

"ஒரு ரிகர்சலுக்குப் போற வழி."

"எனக்கா?"

"உமக்கு எதுக்கு ரிகர்சல்? உமக்குள்ள பாட்டு எப்பமே ரெடி."

மறுநாள் காலையில் தங்கையன் குழித்துறைச் சந்தையில் நின்று லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார். அதன்பிறகு வீடுகளிலிருந்தே ஆள் அனுப்பத் தொடங்கினார்கள். "அப்பா கஞ்சி குடிக்க மாட்டேங்கியாரு, ஒரு நடை எட்டிப் பாத்துட்டுப் போங்க மாஸ்டரே." அவர் போய் எட்டிப் பார்ப்பார். உள்ளேயிருந்து, "கஞ்சி எங்கடே?" என்று சத்தம் கேட்கும்.

கல்யாணத்துக்கு மட்டும் வாசிக்கமாட்டார். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டார். "கல்யாணத்துல எவன் ஓய் பாட்டு கேக்கியான்? அவனுக்க கண்ணு இலையில, மனசு பாயசத்துல. செத்த வீட்டுலயாக்கும் மனுசன் காதத் தொறக்கது" என்பார்.

உண்மைதான், நாங்கள் காதைத் திறந்துதான் கேட்டோம். அடக்கத்துக்குப் பல பாட்டு வாசிப்பார். ஆனால் பெட்டியை வீட்டு முற்றத்திலிருந்து தூக்கும்போது ஒரு பாட்டு உண்டு. அதை ஊரில் "அந்தப் பாட்டு" என்போம். அது கேட்டால் டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குவார். மடித்துக் கட்டிய சாரத்தைக் கணுக்கால்வரை அவிழ்த்துவிட்டு ஆண்கள் எழுந்து நிற்பார்கள். பேருந்து இன்ஜினை அணைத்துக்கொண்டு ஓரம் கட்டும். அந்தப் பாட்டு தொடங்கிவிட்டால் கல்லறைத் தோட்டத்து வாசல்வரை யாரும் பின்னாலிருந்து கழன்றுகொள்ளக் கூடாது, அது எழுதாத சட்டம். எப்போதாவது டிவி விளம்பரத்தில் அதே ராகம் வந்தால், "பாத்தியா, கிளார்நெட்டுக்க பாட்ட அவனுவளும் எடுத்துப்போட்டானுவ" என்று அப்பா எழுந்து நிற்பார்.

அந்தப் பாட்டு அவருக்குக் கிடைத்தது ஒரு கேசட்டிலிருந்து. அவருடைய மைத்துனர் மஸ்கட்டிலிருந்து மலையாளக் கிறிஸ்தவப் பாட்டு பதிந்து அனுப்பியிருந்தார். பாட்டெல்லாம் முடிந்து நாடா கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை வீணாக்குவானேன் என்று அறையில் இருந்த யாரோ ஒருவன் தனக்குப் பிடித்த இங்கிலீஷ் பாட்டு ஒன்றைப் பதிந்துவிட்டான். தொடக்கத்தில் ஆர்கன் வாசிக்கிறார்கள், எங்கள் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை கேட்கிற மாதிரி ஆர்கன். பதினொரு பாட்டு கர்த்தரைப் பற்றி இருந்தால் பன்னிரண்டாவது வேறு யாரைப் பற்றி இருக்கும்? கிளார்நெட்டு அதை இங்கிலீஷ் சபைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார். சந்தேகம் தீர மைத்துனரிடம் ஃபோனில் கேட்டும் பார்த்தார். "அதப் போட்ட பையன் ஞாயித்துக்கிழம தப்பாம சர்ச்சுக்குப் போறவனாக்கும்" என்று பதில் வந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்.

அந்தப் பாட்டின் நடுவில் நீளமாக ஒரு கிதார் வாசிப்பு வரும். அதை அவர் கிளாரினெட்டில் வாசிப்பார். வாசிக்க வாசிக்க வளரும். வளரும்போது நடை நின்றுபோகும், அவர் நின்றால் பின்னால் பெட்டி தூக்குகிறவர்களும் நிற்க வேண்டும். கால்வாய்ப் பாலத்தின் மேல் ஒருமுறை அப்படி நின்றுவிட்டார். உள்ளே இருந்தவர் உயிரோடு இருந்தபோது மாவு மில் நடத்தியவர், நல்ல கனம்.

"மாஸ்டரே, கை போச்சு" என்றார் முன்னால் தூக்கியவர்.

கிளார்நெட்டு கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டரே, இப்பிடியே போனா நம்மள்ல ஒருத்தனுக்கும் சேத்து இன்னைக்கே வாசிக்க வேண்டியிருக்கும்."

அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ரப்பர் வெட்டுகிறவர், அம்மா அந்தப் பாலை உறையவைத்து ஷீட் அடிக்கிறவர். நான் பிளஸ் டூ படித்தபோது கிளார்நெட்டு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா பதறிப்போய், "இஞ்ச எல்லாரும் சுகமாட்டு இருக்கோம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

"தெரியும் பிள்ளே. நான் படிப்புக் காரியமாட்டு வந்தேன்" என்று உள்ளே வந்து என் முன்னால் டேப்பை வைத்தார். "மக்கா, இங்கிலீசு படிக்கியல்லா? இதுக்க அர்த்தம் சொல்லு. வாசிக்கதுக்கு ஒண்ணும் வேண்டாம். சும்மா, தெரிஞ்சுக்கணும்."

நாடா தேய்ந்து பாடகர் ஆற்றுக்கு அடியிலிருந்து பாடுவதுபோல் இருந்தது. பலமுறை கேட்டும் இரண்டு வார்த்தைதான் பிடிபட்டது.

"வெளிச்சம்ணு ஒண்ணு வருது மாஸ்டரே. வழிண்ணு ஒண்ணு வருது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளிச்சம். வழி. அப்பம் வேதமாக்கும்."

"மிச்சம் பிடிபடல்ல."

"மிச்சம் எதுக்கு?" என்று டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். படித்த பையனே சொல்லிவிட்டான் என்று ஊருக்குள் அந்தப் பாட்டின் மதிப்பு இன்னும் கூடியது.

பிறகு கல்லூரி, பெங்களூர், கழுத்தில் அடையாள அட்டை. ஒருநாள் அலுவலக கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு பெண்ணின் ஃபோனிலிருந்து ஆர்கன் சத்தம் வந்தது. என் கால்கள் தாமாக எழுந்து நின்றன. தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பேண்ட் போட்டிருந்ததால் அவிழ்த்துவிட ஒன்றும் இருக்கவில்லை.

"என்னாச்சுங்க?" என்றாள் அந்தப் பெண். அதுதான் நிவேதா.

"யாரு?" என்றேன்.

"யாருன்னா?"

"யாரு எறந்தது?"

அவள் ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். பாலம், மாவு மில்காரர், எருமை தின்ற குஞ்சம் எல்லாம் சொன்னேன். கேன்டீன் காலியாகும்வரை அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இது லவ் சாங்னு உங்க ஊர்ல ஒருத்தருக்குமே தெரியாதுங்களா?"

எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது. சொன்னேன்.

அவள்தான் வரிவரியாக எனக்குச் சொல்லித் தந்தாள். பாட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்திலும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்கள், அவர்கள் நிம்மதியாகச் சாகவேண்டும். விஷயம் இவ்வளவுதான்: ஒருவன் நீண்ட சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு தன் காதலியின் வீட்டுக்குப் போகிறான். நேரமாகிவிட்டது. வாசல் விளக்கை அணைத்துவிடாதே, வந்துகொண்டிருக்கிறேன் என்கிறான். கடைசியில் தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. அது அவள் வீட்டு விளக்கா, வேறு வீட்டு விளக்கா, அவன் போய்ச் சேர்ந்தானா, எதையும் சொல்லாமல் கிதார் வந்து பாட்டை வாங்கிக்கொள்கிறது.

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வண்டி ஓட்டுகிற எவனும் வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்கிற செய்திதானே. ஆனால் இணையத்தில் போய்ப் பார்த்தால் உலகமே அதற்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இறந்துபோனவள் என்று ஒரு கட்சி. விளக்கு என்பது போதைப்பொருள் என்று ஒரு கட்சி. பெண்ணே கிடையாது, அவன் பாடுவது தன்னுடைய வண்டியைப் பார்த்துத்தான் என்று ஒருவர் பத்திபத்தியாக எழுதியிருந்தார். அவன் போய்ச் சேர்ந்தானா இல்லையா என்பதில் முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் வம்சத்தோடு திட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் இதை அடக்கத்துக்கு வாசிப்பார்கள் என்று நானும் எழுதிவைத்தேன். யாரும் நம்பவில்லை. ஒருவர் மட்டும், அது எந்த ஊர், கடைசிக் காலத்தில் அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

"எனக்கென்னமோ அவன் போய்ச் சேராம இருக்கறதுதான் நல்லாருக்குதுங்க" என்றாள் நிவேதா. "சேந்துட்டா அப்புறம் என்ன, ஏன் இவ்ளோ லேட்டுன்னு சண்டைதான்."

அந்தப் பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் பிறகு வேறு எதையெதையோ பேசினோம். எங்கள் கல்யாணம் முடிவானது அப்படித்தான். எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று அவள் முதலில் கேட்டது கிளார்நெட்டைத்தான்.

அப்பா ரப்பர் வெட்டப் போயிருந்த காலை நேரம். கிளார்நெட்டு வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் ஃபோனில் பாட்டைப் போட்டாள். தேயாத குரலில் அவர் அதை முதல்முறை கேட்டார்.

"நல்லாப் பாடுகான். ஆனா அவசரப்படுகான்" என்றார்.

"லவ் பண்ற பொண்ணப் பாக்கப் போறானுங்க, அதான் அவசரம்" என்று அவள் அர்த்தத்தைச் சொன்னாள். விளக்கு, சாலை, வந்துகொண்டிருக்கிறேன், எல்லாம்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காதலா?"

"ஆமாங்க."

"ஆம்பள பொம்பளக் காதலா?"

"ஆமாங்க."

"கர்த்தருக்க அன்பு இல்லியா?"

"இல்லீங்க."

"அப்பம் இத்தன வருசமா செத்தவனையெல்லாம் நான் பொம்பள வீட்டுக்காக்கும் கூட்டிட்டுப் போயிருக்கேன்."

நிவேதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "போவட்டு. அவன் போய்ச் சேந்தானா?" என்றார்.

"தெரியலீங்க. பாட்டுல அதச் சொல்லலை."

"சொல்லல்லியா? ரோட்டுல விட்டுட்டா வந்தான்?" முதல்முறையாகக் கோபம் வந்தது. "எனக்க பாட்டுல வழியில நின்னவன் ஒருத்தனும் இல்ல பிள்ளே. கொண்டு சேத்துட்டாக்கும் நான் வாயில இருந்து கிளார்நெட்ட எடுப்பேன்."

போகும்போது படியில் நின்று என்னிடம் கேட்டார்: "வெளிச்சம், வழிண்ணியே மக்கா." குறையாகச் சொல்லவில்லை. வாங்கின சட்டை சுருங்கிப்போனால் கடைக்காரனிடம் காட்டுவோமே, அந்த மாதிரி சொன்னார்.

அதன்பிறகு அவர் அந்தப் பாட்டை வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

இது தெரிந்தது சைக்கிள் கடைக்காரர் இறந்தபோது. நானும் அப்போது ஊரில் இருந்தேன். ஜெபம் முடிந்தது, பெட்டியைத் தூக்கவேண்டும். கிளார்நெட்டு வேறொரு பாட்டைத் தொடங்கினார். தூக்க வந்தவர்கள் குனிந்தவாக்கிலேயே நின்றார்கள்.

"அந்தப் பாட்டு எங்க ஓய்?"

"இது நல்ல பாட்டாக்கும். தூக்குங்க."

"அது இல்லாம எப்பிடித் தூக்கது? கால் நீங்காதுல்லா."

அவர் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பெட்டியின் தலைமாட்டில் இருந்த ரெத்தினபாய் மாமியிடம் போய்க் குனிந்தார். மாமி சைக்கிள் கடைக்காரரின் மனைவி. "அம்மோ, உங்ககிட்ட மறைக்கப்படாது. அது சபைப் பாட்டு இல்ல. காதல் பாட்டாக்கும். ஒருத்தன் ஒருத்திக்குப் பாடினது. எனக்குத் தெரியாமப் போச்சு."

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெட்டிக்குள் இருந்தவரை ஒருமுறை பார்த்தாள்.

"இந்த மனுசன் எனக்குட்ட சொன்ன நல்ல வார்த்த ஒண்ணே ஒண்ணாக்கும். மீன்கறி கொள்ளாம்ணு. அதும் பக்கத்து வீட்டுல குடுத்துவிட்ட கறி." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "போம்பளாவது எனக்கு ஒரு காதல் பாட்டு பாடிட்டுப் போட்டும். வாசியும் ஓய்."

வாசித்தார். பாலத்தில் நிற்கவில்லை, நீட்டவில்லை. மாமி பெட்டிக்குப் பின்னால் நடந்த நடையில், யாரோ அழைத்துக்கொண்டு போகிறவளின் நிமிர்வு இருந்தது. ஊருக்குப் பிரச்சினை தீர்ந்தது. கிளார்நெட்டுக்கு மட்டும் தீரவில்லை. அன்று திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "செத்தவனுக்கு வாசிக்கத் தெரியும் மக்கா. அது எதுக்கு உள்ள பாட்டோ அதுக்கு வாசிக்க எனக்குத் தெரியுமாண்ணு தெரியல்ல. தெரியாமலே நான் போயிட்டா, அதப் பாடினவன் என்ன நெனப்பான்?"

எனக்கு உடனே பதில் தோன்றியது. எங்கள் வரவேற்பு. நிவேதாவும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

அப்பா வாழ்க்கையில் எதையும் பேரம் பேசாமல் வாங்கியவரில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி ஒன்றைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசியிருக்கிறார். மண்டப வாடகையை அவர் பேசிக் குறைத்த விதத்தில் மண்டபக்காரர் அழாத குறை. அதனால்தான் மணி எட்டடித்தால் விளக்கை அணைத்துவிடுவேன் என்று ஒப்பந்தம்.

"எனக்குட்ட எது வேணும்னாலும் கேளு பிள்ளே" என்றார் நிவேதாவிடம். "ரப்பர் தோட்டம் கேளு, தாறேன்."

"உங்ககிட்ட தோட்டம் இருக்குதுங்களா மாமா?"

"இல்ல. அதனாலதான் அதக் கேக்கச் சொல்லுகேன். இதக் கேக்காத. பெட்டி எடுக்குத பாட்டுக்கு எனக்க மருமவ மண்டபத்துக்குள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்."

கிளார்நெட்டும் மறுத்துவிட்டார். கல்யாணம் என்றதும் பயந்துபோனார் என்றுதான் சொல்லவேண்டும். "ஊரு அழுதுரும் பிள்ளே. வேண்டாம்." விஷயம் அதோடு முடிந்தது. மண்டபத்தில் ஸ்பீக்கர், சினிமாப் பாட்டு என்று ஏற்பாடாகிவிட்டது.

வரவேற்பன்று சாயங்காலம் நானும் நிவேதாவும் காரிலிருந்து இறங்கினோம். மண்டப வாசலில் வெள்ளைக் கோட்டு, ஒற்றைக் குஞ்சம், கையில் வாத்தியப் பெட்டி. உள்ளேயிருந்து அவரைப் பார்த்துவிட்ட வயசாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தங்கையன் எழுந்து இரண்டுமுறை குனிந்து நிமிர்ந்து காட்டினார்.

அப்பா ஓடி வந்தார். "ஓய், இன்னைக்கு வேண்டாம். உம்ம காலப் பிடிக்கேன்."

"ஒரே ஒரு தடவ" என்றார் கிளார்நெட்டு. உதடு காய்ந்திருந்தது. "உசிரோட இருக்க ரெண்டு பேருக்கு ஒரு தடவ வாசிச்சுப் பாக்கணும். இதுக்கப்பறம் நீரு செத்தா நான் சும்மா வாசிச்சுத் தாறேன்."

"அது இப்பம் பேசுகதுக்குள்ள காரியமா?"

"நீரு பேரம் பேசுத ஆளுண்ணு சொன்னேன்."

அப்பா என்னைப் பார்த்தார், நிவேதாவைப் பார்த்தார். "கதவுல இருந்து மேடை வரைக்கும். மெல்ல. ரோட்டுக்குக் கேக்கப்படாது" என்றார்.

கிளார்நெட்டு முன்னால் நடக்க நாங்கள் பின்னால் நடந்தோம். ஆர்கனுக்குரிய அந்த முதல் சில சுரங்கள் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் நாற்காலி சத்தத்தோடு எழுந்து நின்றார்கள். வேட்டிகள் இறங்கின. தலைகள் குனிந்தன. அம்மாவின் தங்கை பழக்கத்தில் ஒப்பாரியைத் தொடங்கி, முதல் வார்த்தையிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். கோயம்புத்தூர்க்காரர்கள் அசந்துபோனார்கள். நிவேதாவின் அப்பா கண் கலங்கி என் காதருகே வந்தார்: "ஏனுங் மாப்ளே, இது என்ர காலேஜ் காலத்துப் பாட்டுங்க. இதுக்கு ஒரு ஊரே எந்திரிச்சு நிக்குதே. எங்கூர்ல பொண்ணு மாப்ள வந்தா இலையிலருந்து தலயத் தூக்கமாட்டாங்க."

மேடைக்கு வந்துவிட்டோம். பாட்டு இன்னும் முடியவில்லை. கிளார்நெட்டுக்கு அந்தப் பாட்டை நின்ற இடத்திலேயே முடிக்கத் தெரியாது, நடுவில் நிறுத்தவும் தெரியாது. மேடையைச் சுற்றி, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சாலையில் இறங்கிவிட்டார். பின்னால் நாங்கள். அந்தப் பாட்டு தொடங்கினால் யாரும் கழன்றுகொள்ளக் கூடாதே, எங்களுக்குப் பின்னால் எங்கள் சொந்தம் மொத்தமும். அதுதான் இந்த ஊர் ஊர்வலம்போல என்று கோயம்புத்தூர்ப் பேருந்து மொத்தமும்.

டீக்கடை ஷட்டர் பாதி இறங்கியது. மார்த்தாண்டம் போகிற பேருந்து இன்ஜினை அணைத்தது. ஜன்னலிலிருந்து ஒருவர், "பெட்டி எங்கடே?" என்று கேட்டார்.

"பெட்டி இல்ல. மாப்ளையாக்கும்" என்றார் தங்கையன்.

அப்பா பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, "ஓய் நிறுத்தும், ஓய் திரும்பும்" என்றார். கிளார்நெட்டின் வாயில் வாத்தியம் இருந்தது. பாலம் போயிற்று. ரேஷன் கடை போயிற்று. கால்கள் இத்தனை வருடம் போன வழியிலேயே போய்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றன.

அங்கே கண்ணைத் திறந்தார். இரும்புக் கதவைப் பார்த்தார். மாலையோடு நிற்கிற எங்களைப் பார்த்தார். வாத்தியம் கீழே இறங்கியது.

"காலு பழகிப் போச்சு மக்கா" என்றார். "கெடுத்துட்டேன். எனக்கு இஞ்ச வரத்தான் தெரியும்."

நிவேதா பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள்.

"பாட்டு இன்னும் முடியலீங்களே மாஸ்டர்" என்றாள். "அவன் ரோட்டுலதான நிக்கறான். நீங்க யாரையும் வழியில விடமாட்டேன்னு சொன்னீங்க."

எங்கள் பக்கத்தில் அடக்கம் முடிந்து திரும்பும்போது பேண்டு வாசிக்கமாட்டார்கள். போகும்போது மட்டும்தான். வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு பேசாமல் வருவார்கள். அந்தப் பாட்டு திரும்பி வந்து எங்கள் சாலை கண்டதில்லை. கிளார்நெட்டு கண்ணாடியைத் துடைத்தார். கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வாத்தியத்தை உதட்டில் வைத்தார்.

அவசரப்பட்டார். அந்தப் பாடகர் அவசரப்பட்டது மாதிரியே அவசரப்பட்டார். ரேஷன் கடை அருகே கால்கள் ஓட்டமும் நடையுமாயின. பாலத்தின் மேல் அந்த நீண்ட கிதார் வாசிப்பு வந்தது, அதை நடந்துகொண்டே வாசித்தார். குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ரெத்தினபாய் மாமி வெள்ளைச் சேலையில் ஓரமாக நடந்துகொண்டு தாளம் போட்டாள். டீக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் நின்றார். எனக்கு அப்போது பாட்டின் அர்த்தம் புரிந்ததா என்றால், தெரியாது. அதைத் தேடி உலகம் ஏன் சலிக்காமல் சண்டை போடுகிறது என்று புரிந்தது.

அப்போதுதான் அப்பாவின் ஃபோன் அடித்தது. மண்டபக்காரர். மணி எட்டாகிவிட்டது, உள்ளே ஆளும் இல்லை, விளக்கை அணைக்கிறேன் என்கிறார். அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. நிவேதா அர்த்தம் சொன்ன அன்று அவர் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். பாட்டுச் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமே என்று ஃபோனில் கத்தினார்:

"வெளக்க அணைக்காதேயும் ஓய். இந்தா, வந்துட்டு இருக்கோம்."

நிவேதா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கிளார்நெட்டு வாசித்தபடியே திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

மண்டபத்து வாசலில் சீரியல் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கிளார்நெட்டு உள்ளே காலை வைத்த பிறகுதான் வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்தார். "சேந்தாச்சு" என்றார். பிறகு, கல்யாண வீட்டில் முதல்முறையாக, சாப்பிட உட்கார்ந்தார். அப்பாவே நின்று அவர் இலையில் பாயசம் விளம்பினார். கூடுதல் நேரத்துக்கும் விளக்குக்குமாக மண்டபக்காரர் கேட்டதும், அப்பா தன் வாழ்க்கையில் பேரம் பேசாமல் கொடுத்ததும், மூவாயிரத்து இருநூறு ரூபாய்.